பார்த்து வரைதல்: எங்கள் வளவில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடிப் பக்கத்தில் ஒரு பழைய வீட்டின் வளவில், அதாவது தாழ்வாரம் சூழ்ந்த நடு முற்றத்தில், ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நாங்கள் சிலர் கூடி வரைகிறோம். பள்ளிப் பிள்ளைகள் வருகிறார்கள், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் வருகிறார்கள், வீட்டுக்காரர் ஆச்சி காபியோடு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். பாடத்திட்டம் எதுவும் கிடையாது. எதிரில் இருப்பதைப் பார்த்து, கையில் கிடைத்ததைக் கொண்டு வரைவது, அவ்வளவுதான். புதிதாக வருகிற எல்லோருக்கும் ஏறக்குறைய அதே சந்தேகங்கள்தான் வருகின்றன, அதனால் அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, நான் சொல்லும் பதிலையும் சேர்த்து வைத்திருக்கிறேன்.

போட்டோவைப் பார்த்து வரைஞ்சாலும் அது பார்த்து வரையறதுதானே?

தப்பில்லை, ஆனால் பாதி வேலையைக் கேமரா முடித்துவிட்டது. வளவு நடுவில் வெயில் கொட்டும்போது சுற்றுத் தாழ்வாரத்தை ஒரு படம் எடுத்துப் பாருங்கள். ஒன்று வெயில் வெளுத்துப் போகும், இல்லை தாழ்வாரம் வெறும் கறுப்பாகிவிடும். நேரில் உட்கார்ந்தால் அந்தக் கறுப்புக்குள்ளே முதலில் மரத்தூண், அப்புறம் அதன் பின்னால் கதவு, அப்புறம் கதவு மேல் செதுக்கிய கஜலட்சுமி என்று கண் பழகப் பழக ஒவ்வொன்றாக வெளியே வரும். அந்தப் பத்து நிமிடத்தைப் போட்டோ தராது.

இன்னொன்று, நமக்கு இரண்டு கண், தலையும் லேசாக ஆடிக்கொண்டே இருக்கும். எது முன்னால், எது பின்னால் என்று உடம்பே அளக்கிறது. அதைத் தட்டையான தாளில் கொண்டுவருவதுதான் நாம் பழகவேண்டிய வேலை. போட்டோவில் அது ஏற்கெனவே தட்டையாகித்தான் நம் கைக்கு வருகிறது.

எனக்கு வரையவே வராது. முதல்ல என்னென்ன வாங்கணும்?

எச்பி, 2பி, 6பி என்று மூன்று பென்சில், ஒரு அழிரப்பர், ஒரு பிளேடு. இவ்வளவு போதும். பென்சில் முனை கிராஃபைட்டையும் களிமண்ணையும் கலந்து சுட்டுச் செய்வது, 1795ல் பிரான்சில் கோன்டே என்பவர் கொண்டுவந்த முறை இது. களிமண் கூடினால் எச் பக்கம், கோடு மெலிசாகவும் வெளிறியும் விழும். கிராஃபைட் கூடினால் பி பக்கம், மெத்தென்று கறுப்பாக விழும். 36 வண்ணப் பெட்டியை வாங்கிக்கொண்டு வருகிறவர்களுக்கு எதை எடுப்பது என்று யோசிப்பதிலேயே காலை போய்விடுகிறது.

தாளுக்குச் செலவே வேண்டாம். நம் ஊரில் கல்யாணப் பத்திரிகைக்குப் பஞ்சமா? பின்பக்கம் காலியாக இருக்கும் கெட்டி அட்டைகளைச் சேர்த்து வையுங்கள். வழவழப்பானவற்றில் கரி ஒட்டாது, பேனாவுக்கு அவை நன்றாக இருக்கும். சொரசொரப்பானவை பென்சிலுக்கும் கரிக்கும். விலை உயர்ந்த தாளை முதலிலேயே வாங்கினால் கெட்டுப்போய்விடுமோ என்று கை பயப்படும்.

முதல்ல பென்சில்ல நல்லாக் கை வந்தப்புறம் மத்ததுக்குப் போகலாம்னு இருக்கேன். சரிதானே?

இந்தக் கேள்விக்கு மட்டும் நான் கொஞ்சம் அழுத்தியே மறுப்பேன். மூன்று வருடம் பென்சிலே பிடித்துவிட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், அவர்களுக்கு உலகம் முழுக்க ஓரங்களாகத்தான் தெரியும். பென்சில் ஓரத்தைத் தேடும் கருவி. அதையே பிடித்துக்கொண்டிருந்தால் கண்ணும் ஓரத்தை மட்டும் தேடப் பழகிவிடுகிறது.

எங்கள் குழுவில் எல்லோரும் முதல் மாதம் ஒரே ஒரு பித்தளைச் செம்பைத்தான் வரைகிறார்கள், ஒவ்வொரு வாரமும் வேறு கருவியைக் கொண்டு. பென்சிலில் வரையும்போது வாய் எவ்வளவு அகலம், கழுத்து எங்கே சுருங்குகிறது, வயிறு எங்கே திரும்புகிறது என்று விளிம்பிலேயே கண் போகும். அடுத்த வாரம் கரித்துண்டைப் படுக்க வைத்துத் தேய்க்கச் சொல்வேன். அதில் விளிம்பே வராது. வேறு வழியில்லாமல் எது இருட்டு, எது வெளிச்சம் என்று பார்க்க ஆரம்பிப்பார்கள். அப்போதுதான் செம்பின் வயிற்றில் ஜன்னல் முழுக்கப் பிரதிபலிப்பதும், நிழல் பக்கத்திலும் தரையிலிருந்து எழும்பும் ஒரு மங்கல் வெளிச்சம் இருப்பதும் தெரியவரும். மூன்றாவது வாரம் மை தொட்ட தென்னை ஈர்க்கு. அழிக்க முடியாது, அதனால் தொடுவதற்கு முன்பே ரொம்ப நேரம் பார்ப்பார்கள். நான்காவது வாரம் தூரிகையும் டீத் தண்ணீரும், அதற்குள் செம்பு மொத்தமாக ஒரு கனமான உருவமாக மனதில் உட்கார்ந்திருக்கும்.

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கரி வாரத்தில், “இந்தச் செம்பு போன வாரம் இருந்த செம்பு இல்லை, மாத்திட்டீங்க” என்று சண்டைக்கே வந்துவிட்டாள். அதே செம்புதான், அதே இடம்தான். கருவியை மாற்றினால் கண் மாறும் என்பதை அவளைவிட நன்றாக என்னால் சொல்ல முடியாது. இதற்காகத்தான் பல கருவிகளைத் தொடச் சொல்கிறேன். கெட்டிக்காரத்தனம் காட்ட அல்ல, ஒரே பொருளை நாலு விதமாகப் பார்ப்பதற்கு.

கரி எங்க வாங்கறது? அடுப்புக்கரி ஆகுமா?

ஓவியப் பொருள் கடையில் சார்கோல் குச்சி என்று கேளுங்கள். அடுப்புக்கரி ஓரளவுக்குத்தான் ஆகும், ஒரே துண்டில் ஒரு பக்கம் மெத்தென்று இருக்கும், மறுபக்கம் தாளைக் கீறும். சிரட்டைக்கரி ரொம்பக் கடினம்.

நாமே செய்வதென்றால் புளியங்குச்சி. துணியில் கையால் படம் வரையும் காளஹஸ்தி கலம்காரிக்காரர்கள் முதல் கோட்டைப் போடுவது சுட்ட புளியங்குச்சியால்தான். பென்சில் தடிமனில் காய்ந்த குச்சிகளை எடுத்து, பட்டையைச் சீவிவிட்டு, மூடியில் ஒரு சிறு துளை போட்ட தகர டப்பாவில் நெருக்கமாக அடுக்கி, தணலில் வையுங்கள். துளை வழியாகப் புகை வரும். புகை நின்றதும் எடுத்து ஆறவிடுங்கள். சூட்டோடு மட்டும் திறந்துவிடாதீர்கள், காற்றுப் பட்டதும் உள்ளே இருப்பது பற்றிக்கொண்டு சாம்பலாகிவிடும். வெட்டவெளியில், பெரியவர்கள் பக்கத்தில் இருக்கும்போது செய்ய வேண்டிய வேலை இது.

கரி கையெல்லாம் ஒட்டுது, படமும் கலையுது. என்ன பண்றது?

வலக்கைக்காரர்கள் இடது மேல் மூலையிலிருந்து இறங்கி வாருங்கள், கைக்குக் கீழே ஒரு தாளை வையுங்கள். முடிந்த படத்தில் கரி உதிராமல் பிடித்துவைக்கத் தெளிக்கும் ஃபிக்ஸேட்டிவ் கடையில் கிடைக்கிறது. பழைய வழி, ஆடை நீக்கிய பாலில் நிறையத் தண்ணீர் விட்டு மெல்லிய தூவலாக அடிப்பது. பாலில் இருக்கும் புரதம் காய்ந்து கரியைப் பிடித்துக்கொள்ளும். படத்தைப் படுக்க வைத்து, தூரத்திலிருந்து அடியுங்கள். தலைமுடி ஸ்ப்ரேயும் பிடிக்கும், ஆனால் நாளாவட்டத்தில் தாள் மஞ்சளாகலாம்.

ஆனால் கலைவதை எதிரியாக நினைக்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். தாள் முழுக்கக் கரியைத் தேய்த்து ஒரே சாம்பல் நிறமாக்கிவிட்டு, வெளிச்சம் இருக்கும் இடத்தை மட்டும் ரப்பரால் எடுத்துப் பாருங்கள். தாழ்வாரத்துத் தூண்களுக்கு இதைவிடப் பொருத்தமான முறை எனக்குத் தெரிந்து இல்லை, ஏனென்றால் அங்கே இருட்டுதான் முதலில் இருக்கிறது, வெளிச்சம் பிறகுதான் வந்து விழுகிறது. பிசைந்து வடிவம் மாற்றும் ரப்பர் இருந்தால் நல்லது. இல்லையென்றால் மெத்தென்ற பிரெட் துண்டு, ரப்பர் வருவதற்கு முன் அழிக்க அதைத்தான் வைத்திருந்தார்கள்.

கோடு நேரா வரவே மாட்டேங்குது. ஸ்கேல் வச்சுக்கலாமா?

வேண்டாம். கொத்தனார் தூக்குக்குண்டு வைப்பதைப் பார்த்திருப்பீர்கள் இல்லையா, அதையே செய்யுங்கள். ஒரு நூலில் சாவியைக் கட்டிக் கையை நீட்டித் தொங்கவிட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள். தூணின் மேல் ஓரத்துக்கு நேர் கீழே எது வருகிறது என்று அது சொல்லிவிடும். உயரத்துக்குப் பென்சிலைப் பிடித்துக் கட்டை விரலால் அளக்கலாம், ஆனால் ஒவ்வொரு முறையும் முழங்கை மடங்காமல் நீண்டிருக்க வேண்டும், இல்லையென்றால் அளவு மாறிவிடும். இடம் சரியாக இருந்தால் கோடு கொஞ்சம் நடுங்கினாலும் தூண் நிமிர்ந்துதான் நிற்கும்.

பேப்பரைப் பார்க்காம வரையச் சொல்றீங்களே, கண்றாவியா வருதே, அது எதுக்கு?

கண்றாவியாகத்தான் வரும், அந்தப் படத்தை யாரும் சுவரில் மாட்டப்போவதில்லை. ஐந்து நிமிடம், பென்சிலைத் தூக்காமல், தாளைப் பார்க்காமல், உங்கள் இடக்கையையோ கொடியில் காயும் கண்டாங்கிச் சேலையின் மடிப்பையோ ஓர் எறும்பு ஊர்கிற வேகத்தில் கண்ணால் பின்தொடருங்கள், பென்சிலும் அதே வேகத்தில் கூட வரட்டும். தாளைப் பார்த்தால் மூளை, “சேலை மடிப்புதானே, எனக்குத் தெரியும்” என்று தனக்குத் தெரிந்ததைப் போட்டுவிடும். பார்க்காதபோது அதற்கு வழியில்லை.

இதோடு சேர்த்து ஒன்று பழகுங்கள். பொருளை விட்டுவிட்டு, இடைவெளியை மட்டும் வரைவது. சாய்வு நாற்காலியின் கைக்கும் காலுக்கும் நடுவே தெரிகிற தரைத்துண்டு என்ன வடிவம்? ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே தெரிகிற வானம்? நாற்காலியைப் பற்றி நமக்கு நிறையத் தெரியும், இடைவெளியைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதனாலேயே அதை ஒழுங்காகப் பார்ப்போம்.

மை தொட்டு வரைய என்ன பேனா வாங்கணும்?

வாங்குவதற்கு முன்னால் தென்னை ஈர்க்கை எடுங்கள். முனையைச் சாய்வாக வெட்டி மையில் தொட்டால் ஒரு கோடு அடர்த்தியாகத் தொடங்கி, மெலிந்து, கடைசியில் வறண்டு பிசிறடித்து முடியும். அந்தப் பிசிறு பனையோலைக் கொட்டானின் பின்னலுக்கும் பழைய மரத்தின் வரிகளுக்கும் அவ்வளவு பொருந்தும். மூங்கில் குச்சியைச் சீவி நடுவில் ஒரு சிறு கீறல் விட்டால் மை இன்னும் கொஞ்சம் நேரம் தங்கும்.

மையில் இரண்டு வகை. இந்தியன் இங்க் காய்ந்தால் தண்ணீரில் கரையாது, அதன் மேல் பூச்சு போடலாம். ஊற்றுப் பேனாவில் மட்டும் அதை ஊற்றிவிடாதீர்கள், அடைத்துக்கொள்ளும். ஊற்றுப் பேனா மை பெரும்பாலும் காய்ந்தபின்னும் ஈரத்தூரிகை பட்டால் கசியும், நிழலுக்கு அந்தக் கசிவையே பயன்படுத்தலாம்.

கடுக்காய் மையையும் சொல்லிவிடுகிறேன். நம் வீடுகளின் சுண்ணாம்புப் பூச்சில் சேர்த்த அதே கடுக்காய்தான். பொடியைக் கொதிக்க வைத்து வடிகட்டி, துருப்பிடித்த ஆணிகளைப் போட்டுக் கண்ணாடிப் புட்டியில் சில நாள் வைத்தால் கறுத்துவிடும், கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து செய்யும் வேலை அது. எழுதும்போது கொஞ்சம் வெளிறி இருக்கும் கோடு காற்றுப் பட்டபின் இன்னும் கறுப்பதைப் பார்க்கப் பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். புட்டியின் மேல் பெயர் எழுதி எட்டாத இடத்தில் வையுங்கள். வருடங்கள் போனால் இந்த வகை மை தாளை அரிக்கக்கூடும், அதனால் பயிற்சிக்கு மட்டும்.

மைக் கோட்டில் எவ்வளவு பொறுமை சாத்தியம் என்று பார்க்க, ஆனந்த விகடனில் ஓவியர் சில்பி வரைந்த கோயில் சிற்பப் படங்களைத் தேடிப் பாருங்கள். கல்லின் முன்னால் உட்கார்ந்து வரைந்தவை அவை, கருங்கல்லின் குளிர்ச்சிகூடத் தெரியும்.

காபி, டீயில பூசினா நிக்குமா?

நிற்கும், வெயில் பட்டால் வெளுக்கும். சர்க்கரை போடாத டிகாஷனாக இருக்கட்டும், இல்லையென்றால் அடுத்த நாள் எறும்புதான் படத்தைப் பார்க்க வரும். தாள் கெட்டியாக வேண்டும், நிறைய ஈரம் விடப்போகிறீர்கள் என்றால் 300 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு இது). மெல்லிய தாள் அப்பளம் மாதிரி நெளிந்துவிடும்.

ஆத்தங்குடித் தரையை எப்படி வரையறது? பூவை எண்ணி எண்ணித் தலை சுத்துது.

எண்ணாதீர்கள். தரையில் பதித்த பூப்போட்ட ஆத்தங்குடிக் கற்களில் ஒரே ஒன்றை நேர் மேலேயிருந்து பார்த்து வரைந்து பூவைப் புரிந்துகொள்ளுங்கள். அப்புறம் தரையில் உட்கார்ந்து அதே கல்லைப் பாருங்கள், சதுரம் நசுங்கிச் சப்பையாகத் தெரியும், அதற்குள்ளிருக்கும் வட்டமும் செம்பின் வாய் மாதிரி நீள்வட்டமாகிவிடும். (நீள்வட்டத்தின் இரண்டு முனையும் கூராக இருக்காது, எவ்வளவு சப்பையானாலும் வளைந்துதான் திரும்பும். இதில் தவறாதவர்களே இல்லை.) பக்கத்தில் இருக்கும் இரண்டு வரிசையில் மட்டும் பூவைத் தெளிவாகப் போட்டு, தள்ளிப் போகப் போக வண்ணப் பட்டைகளாக மட்டும் விட்டுவிடுங்கள். கண் அப்படித்தான் பார்க்கிறது.

இந்தக் கல்லின் உயிரே பளபளப்பில் இருக்கிறது. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சு வைத்து, வண்ணச் சிமெண்டை ஊற்றி, அதன் மேல் சிமெண்டும் மணலும் நிரப்பிச் செய்கிறார்கள். கண்ணாடியைத் தொட்டிருந்த பக்கம்தான் நாம் மிதிக்கிற பக்கம். அந்தப் பளபளப்புக்கு ஒரு சுலபமான வழி, வாசல் வெளிச்சம் தரையில் விழுகிற இடத்தில் வெள்ளை மெழுகுவத்தியை அழுத்தித் தேய்த்துவிட்டு மேலே மைத்தண்ணீரைப் பூசுவது. மெழுகு இருக்கும் இடத்தில் தண்ணீர் ஒட்டாது, வெளிச்சம் தாளின் வெள்ளையாகவே நின்றுவிடும். எங்கே தேய்த்தோம் என்று கண்ணுக்குத் தெரியாது, அதனால் தேய்க்கும் முன் இடத்தை நன்றாக மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

வெள்ளைத் தூணு, பளிங்கு மாதிரி இருக்கு. வெள்ளையை எதை வச்சு வரையறது?

முட்டைவெள்ளைக் கரு சேர்த்த சுண்ணாம்புப் பூச்சு இது, தொட்டால் வழுக்கும். வெள்ளைத் தாளில் இதை வரையத் தொடங்கினால், அதைவிட வெளிச்சமாக்க உங்களிடம் ஒன்றும் மிச்சமிருக்காது. கடையில் சுற்றித் தருகிற பழுப்புத் தாளை எடுங்கள். தூணின் பெரும்பகுதி அந்தப் பழுப்பாகவே இருக்கட்டும், நிழலுக்குக் கரி, மினுங்குகிற இடத்துக்கு மட்டும் வெள்ளைச் சாக்பீஸ். கரியும் சாக்பீஸும் ஒன்றின் மேல் ஒன்று படக்கூடாது, பட்டால் சேறு மாதிரி ஒரு சாம்பல் வந்துவிடும். வெள்ளை என்று நாம் நினைத்ததில் உண்மையான வெள்ளை எவ்வளவு கொஞ்சம் என்று அப்போது தெரியும்.

வரைஞ்சுக்கிட்டு இருக்கும்போதே வெயில் நகர்ந்துடுது. என்ன செய்ய?

சூரியன் வானத்தில் மணிக்கு 15 டிகிரி நகர்கிறது, அதனால் அரை மணியில் வளவுக்குள் நிழலின் ஓரம் எங்கோ போயிருக்கும். உட்கார்ந்த முதல் ஐந்து நிமிடத்தில் நிழலின் ஓரங்களை மட்டும் குறித்துவிடுங்கள், அப்புறம் அது எங்கே போனாலும் குறித்ததை மாற்றாதீர்கள். பெரிய படமென்றால் மறுநாள் அதே நேரத்துக்கு வாருங்கள்.

நம் ஊர் ஏறக்குறைய 10 டிகிரி வடக்கில் இருப்பதால் ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் உச்சி வெயில் நேர் தலைக்கு மேல் வரும், தூணின் நிழல் தூணடியிலேயே சுருண்டுகொள்ளும். அந்த நாட்களில் மத்தியானம் வடிவம் தெரியாது, காலை எட்டு மணிக்கு வரையுங்கள். மார்கழிச் சாய்வெயிலில் எந்த நேரமும் நன்றாக இருக்கும்.

எல்லாத்தையும் ஒரே படத்துல கலக்கலாமா?

கலக்கலாம், வரிசை முக்கியம். மெழுகு முதலில், தண்ணீர்ப் பூச்சு அடுத்தது, நன்றாகக் காய்ந்தபின் கரி. பென்சிலை அழுத்தித் தேய்த்த இடத்தில் கரி வழுக்கும், ஒட்டாது. மற்றபடி எதற்காகக் கலக்கிறோம் என்று ஒரு காரணம் இருக்கட்டும். “கதவுச் செதுக்கலுக்கு ஈர்க்கு, பின்னால் இருட்டுக்குக் கரி” என்று எதிரில் இருப்பது கேட்பதால் கலந்தால் படம் ஒன்றாக நிற்கிறது.

ஏன் தம்பி, என் கதவு இப்படியா இருக்கு? கோணல்மாணலா என்ன வரைஞ்சு வச்சிருக்கே?

இது ஆச்சி கேட்டது. கதவு அவர் புகுந்த வீட்டுக் கதவு, பர்மாத் தேக்கு, ஐம்பது வருடமாகத் துடைத்துத் துடைத்து அவர் கைக்கு அதன் ஒவ்வொரு குமிழும் தெரியும். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. பிறகு, “ஆச்சி, கோடு கோணல்தான், ஆனால் கீழ்க்கீலுக்குப் பக்கத்தில் தேய்ந்து போன இடம் இருக்கிறதா பாருங்கள்” என்றேன். பார்த்துவிட்டு, “அது அப்பத்தா நாற்காலி இடிச்ச இடம்” என்றார். அச்சு அசலாக இருப்பது ஒன்று, பார்த்ததற்கு விசுவாசமாக இருப்பது இன்னொன்று. முதலாவது வந்தால் சந்தோஷம், இரண்டாவது இல்லாமல் மட்டும் எழுந்திருக்காதீர்கள். ஓவியர் ஆதிமூலம் காந்தியைப் பேனாவில் வரைந்த படங்களில் சிலவற்றில் சில கோடுகள்தான் இருக்கும், ஆனாலும் அந்த உடம்பின் சாய்வு அவருடையதுதான் என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது.

வெளியில உட்கார்ந்தா ஜனங்க சுத்தி நின்னுடறாங்க. கூச்சமா இருக்கு.

சுவருக்கு முதுகைக் கொடுத்து உட்காருங்கள், பின்னாலிருந்து எட்டிப் பார்க்க முடியாது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் வரையப் பொருளுக்குக் குறைவே இல்லை, கூட்டமில்லாத நேரத்தில் போய்க் கடைக்காரரிடம் கேட்டுவிட்டு ஓரமாக நில்லுங்கள். பூட்டியிருக்கும் வீடானாலும் திண்ணையில் ஏறும் முன் பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை சொல்லுங்கள். கோயிலில் மண்டபம் வரைக்கும் கேட்டுக்கொண்டு வரையலாம், சன்னதிக்கு நேரே வேண்டாம். அய்யனார் கோயில் மண்குதிரைகள் என்றால் கூச்சப்பட ஆளே இருக்க மாட்டார்கள், தண்ணீர்ப் புட்டி மட்டும் எடுத்துப் போங்கள்.

வரைஞ்சதையெல்லாம் வச்சுக்கணுமா? வீட்ல இடமில்லை, தூக்கிப் போடச் சொல்றாங்க.

முதல் மாதச் செம்புகள் நான்கையும் கட்டாயம் வையுங்கள், பின்னால் தேதியும் எதைக் கொண்டு வரைந்தீர்கள் என்பதும் எழுதி. கரிப் படங்களுக்கு நடுவே வெண்ணெய்த்தாள் வைத்து, இரண்டு அட்டைக்குள் கட்டி, தரையில் படாமல் பரண் மேல் வைத்தால் போதும். மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை பிரித்து நிழலில் காற்றாட விடுங்கள், ராமபாணப் பூச்சி தாளில் ஓட்டை போட ஆரம்பித்திருந்தால் அப்போதே தெரிந்துவிடும். பேப்பரைப் பார்க்காமல் வரைந்தவற்றைத் தாராளமாகப் போடலாம், ஆனால் பின்பக்கம் காலியாக இருந்தால் எங்களிடம் கொண்டுவந்து கொடுங்கள், அடுத்து வரும் பிள்ளைகளுக்கு ஆகும்.